கொண்டாடுவாரற்ற கடற்போர்

கிரேக்க நாட்டின் ஸ்பெட்சஸ் தீவில் ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் ஒரு விழா நடைபெறுகின்றது. 1822ஆம் ஆண்டில் உதுமானியக் கடற்படையைத் தீவினர் எதிர்த்து நின்றதன் நினைவாக, உதுமானியத் தலைமைக் கப்பலின் மாதிரி ஒன்றைத் துறைமுக நீரில் நிறுத்தித் தீக்கிரையாக்குவர். நம் கடலூர்க் கரைக்கும் அத்தகைய நாள் ஒன்றுண்டு, கொண்டாடுவார்தாம் இல்லை.

ஹைதர் அலி 1780இல் ஆர்க்காட்டு நாட்டினுள் புகுந்தபின், சிதம்பரம் கோயில் அவருடைய படையினருக்குக் கோட்டையாயிற்று. 1781 ஜூன் 18இல் அதனைத் தாக்கிய ஆங்கிலத் தளபதி அயர் கூட் முறியடிக்கப்பட்டார். ஆயினும் ஜூலை 1இல், மஹ்மூது பந்தர் எனப்படும் பரங்கிப்பேட்டைக்கு அருகே ஹைதரை அவர் வென்றார். மறு ஆண்டு பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரன் அதே பரங்கிப்பேட்டையில் துருப்புகளை இறக்கினார். ஏப்ரலில் கடலூர் கைவசமாயிற்று. டிசம்பர் 7இல் ஹைதர் மறைந்தார். திப்பு சுல்தான் மேற்குக் கரைப் போருக்கு விரைந்தார்.

1783 ஜூனில் (ஹிஜ்ரி 1197) ஆங்கிலத் தளபதி ஸ்டூவர்ட் கடலூரை முற்றுகையிட்டார். புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையும் சையித் சாஹிபின் மைசூர்ப் படையும் நகரைக் காத்து நின்றன. 13ஆம் நாள் சண்டையில் ஆங்கிலேயர் தரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீழ்ந்தனர், காயமுற்றனர். கடலில் ஹியூஸிடம் 18 போர்க்கப்பல்கள், சுஃப்ரனிடமோ 15. கப்பலில் ஆள் போதாமையால், நகரிலிருந்து ஏறத்தாழ 1,200 வீரர்களைப் பெற்றுக்கொண்டு, 20ஆம் நாள் மாலை அவர் போர் தொடுத்தார். எக்கப்பலும் மூழ்கவில்லை. எனினும் குடிநீர்ப் பற்றாக்குறையாலும் நோயாலும் நலிந்திருந்த ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். முற்றுகையிட்டோர் கடல்வழித் துணையை இழந்தனர்.

ஆனால் வெர்சேல்ஸில் சமாதானத்தின் முன்னுடன்படிக்கை ஜனவரி 20ஆம் நாளே கையெழுத்தாகியிருந்தது! ஜூன் இறுதியில்தான் அச்செய்தி கடலூரை எட்டியது. பிரெஞ்சுக்காரர் போரை நிறுத்தினர்; மங்களூர் முற்றுகையிலும் திப்புவைத் தனித்துவிட்டு விலகினர். உடன்படிக்கையின்படி கடலூர் மீண்டும் ஆங்கிலேயரிடமே சென்றது. திப்பு தனியே போரிட்டு, 1784 மார்ச் 11இல் மங்களூர் உடன்படிக்கையைக் கண்டார்.

ஐந்து திங்களுக்கு முன்னரே ஐரோப்பாவில் முடிந்துவிட்ட போருக்காக மடிந்தவர்களே கடலூரில் மடிந்தோர். பிரான்ஸ் சுஃப்ரனுக்குச் சிலை எழுப்பியது. தன் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றுக்கும் அவர் பெயரைச் சூட்டியுள்ளது. அரண் காத்த மைசூர்ச் சிப்பாய்களின் பெயர்களை நம்மில் எவர் அறிவார்?

மாதிரிக் கப்பலைக் கொளுத்தும் விழா நமக்கு வேண்டுவதன்று. அரபியில் படிப்பினையைக் குறிக்கும் ‘இப்ரத்’ என்னும் சொல், ‘கடந்து செல்லுதல்’ என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. இப்னு கல்தூன் தம் வரலாற்று நூலுக்குக் ‘கிதாபுல் இபர்’ எனப் பெயரிட்டதும் இச்சொல்லைக் கொண்டே. நிகழ்ச்சியைக் கடந்து அதன் உட்பொருளை அடைவதே வரலாறு கற்றல். பிறர் வல்லமையை நம்பித் தொடுத்த போர், அப்பிறர் விரும்பிய நாளில் முடிந்துவிடும் என்பதே கடலூர் தரும் இப்ரத். கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் பழங்குடும்பங்களின் பெட்டிகளில் உறங்கும் அரபுத்தமிழ், பார்சி ஏடுகளைச் செல்லரிக்குமுன் எடுத்துப் படிப்பது, அரபுக் கல்லூரி மாணவர்களால் இயலக்கூடிய பணியே. பெயரறியாச் சிப்பாய்களுக்கு நாம் செலுத்தத்தக்க மரியாதை அதுவெனக் கருதுகின்றோம்.