ஐந்து நொடி வந்த வழி

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் வந்தவாசி வண்டிக்குக் காத்திருப்பவர்களின் கைகளைப் பாருங்கள். கைப்பேசியில் ஏதாவது ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். அது தொடங்குவதற்கு முன்னால் ஒரு விளம்பரம் வரும். ஐந்து நொடி பொறுத்ததும் கட்டைவிரல் தானாகவே ஓரத்துக்குப் போய் ‘ஸ்கிப்’பைத் தட்டிவிடும். யாரும் பொருட்படுத்தாத அந்த ஐந்து நொடிக்கு நீண்ட பூர்வீகம் உண்டு.

அதன் தாத்தா ஒரு கண்ணாடித் துண்டு. டூரிங் டாக்கீஸில் ஒரே புரொஜெக்டர்தான். ரீல் மாற்றும்போதெல்லாம் படம் நிற்கும், விளக்கு எரியும். அந்த நேரத்தில் திரையில் சிலைடு போடுவார்கள். ஜவுளிக்கடை, நகைக்கடை, உரக்கடை என்று கண்ணாடியில் கையால் எழுதிய பெயர்கள். அவை அசையாது, பேசாது. மணலைக் குவித்து உட்கார்ந்த தரை டிக்கெட்காரரும் பெஞ்சு டிக்கெட்காரரும் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தைப் படித்தார்கள். உரம் சரியில்லை என்றால் மறுநாள் கடை வாசலில் போய் நின்று கேட்கலாம். கடைக்காரரும் முந்தின இரவு அதே கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்தான்.

அடுத்தது தொலைக்காட்சி. தூர்தர்ஷன் 1976 ஜனவரி முதல் விளம்பரங்களை ஏற்றது. நம் கிராமங்களில் அது வீட்டுக்கு வீடு நுழைந்தது 2006-க்குப் பிறகு, அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சியோடு. 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது மிச்சமிருந்த வீடுகளும் சேர்ந்துகொண்டன. சோப்பு, பற்பசை, சிமென்ட் எல்லாம் ஊர்த் திண்ணைப் பேச்சில் கலந்தன. விற்பவர் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டார். ஆனாலும் குடும்பம் முழுக்க ஒரே விளம்பரத்தைத்தான் பார்த்தது. பாட்டி ஏமாறப் போனால் பேத்தி தடுத்துவிடுவாள்.

இதே காலத்தில் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. விடியற்காலையில் கம்பெனி பஸ் பிடித்து வேலைக்குப் போன கிராமத்துப் பெண்கள் உலகத்துக்கே கைப்பேசி பூட்டி அனுப்பினார்கள். 2014 நவம்பர் 1-ஆம் தேதி அது மூடப்பட்டது. வேலை இழந்தவர்களின் வலி தனியாக எழுத வேண்டிய ஒன்று. இன்று சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் செய்கிறது. விளம்பரம் ஓடும் கருவியைச் செய்யும் கைகளும், அந்த விளம்பரத்தைத் தள்ளிவிடும் கைகளும் ஒரே மாவட்டத்துக் கைகள்.

அந்த நோக்கியா நாட்களில் வீடியோ பார்க்க வேண்டுமென்றால் கைப்பேசிக் கடைக்குப் போய் மெமரி கார்டைக் கொடுக்க வேண்டும். பத்து, இருபது ரூபாய்க்குப் பாட்டும் காட்சியும் ஏற்றித் தருவார்கள். கார்டில் ஏறிய பாட்டுக்கு இடையில் விளம்பரம் இல்லை. இந்தப் பயணத்தில் விளம்பரம் வழி தவறி நின்றது அந்தச் சில ஆண்டுகள் மட்டும்தான்.

யூடியூபின் முதல் வீடியோ 2005 ஏப்ரல் 23-ல் ஏறியது. வெறும் 19 நொடி. 2010 டிசம்பரில், ஐந்து நொடிக்குப் பிறகு தள்ளிவிடக்கூடிய விளம்பரத்தை அந்த நிறுவனம் கொண்டுவந்தது. பார்ப்பவர் முழுதாகவோ 30 நொடியோ பார்த்தால்தான் விளம்பரதாரர் காசு கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அன்றிலிருந்து விளம்பரம் எடுப்பவர்களின் வேலை முழுவதும் அந்த முதல் ஐந்து நொடிக்குள் சுருங்கிவிட்டது. குழந்தை அழ வேண்டும், நோட்டுக்கட்டு விழ வேண்டும், விலை கத்த வேண்டும். 2011 நவம்பரில் ‘கொலவெறி’ பாட்டு உலகம் சுற்றி வந்தபோது, நம் கிராமத்துக் கைப்பேசிகளில் வீடியோ ஏறாமல் வெறும் வட்டம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. கைப்பேசிக் கோபுரம், பணம் இரண்டும் போதவில்லை.

அடைப்பை உடைத்தது விலை. ஒரு ஜிபி டேட்டாவுக்கு 2014-ல் சராசரியாக 269 ரூபாய் என்றும், 2018-ல் 12 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு என்றும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கணக்கிட்டது. நடுவில் 2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்து மாதக்கணக்கில் இலவசமாகக் கொடுத்தது. அதன் பிறகு களத்துமேட்டில், தறி மேடையில், நூறு நாள் வேலைக்கு நடுவே மர நிழலில் எங்கும் வீடியோ.

இப்போது ஒரு விளம்பரம் இங்கே எப்படி வந்து சேர்கிறது? நீங்கள் பாட்டைத் தொட்டதும் எங்கோ ஓர் ஏலம் நடக்கிறது. இவர் எந்த ஊர்ப்பக்கம், எந்த மொழி, இதுவரை என்ன பார்த்தார் என்பதையெல்லாம் வைத்து, இந்தக் கண்ணுக்கு யார் எவ்வளவு தருவார்கள் என்று கணினிகள் கூவி முடித்துவிடும். கண் இமைக்கும் நேரம்தான். ஜெயித்த விளம்பரம் சில நொடித் துண்டுகளாக வெட்டி வைக்கப்பட்டிருக்கும். அதிகம் பார்க்கப்படும் வீடியோக்களின் நகல்களைப் பக்கத்து நகரங்களின் சர்வர்களிலேயே சேமித்து வைப்பதால் கடல் கடந்து வர வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. கண்ணாடி இழையில் ஓடி, கோபுரத்தில் ஏறி, உங்கள் உள்ளங்கையில் இறங்குகிறது. சிக்னல் குறைந்த இடத்தில் மங்கலான துண்டு, நிறைந்த இடத்தில் தெளிவான துண்டு. அதைச் சுமந்து வரும் டேட்டாவும் உங்கள் ரீசார்ஜில்தான் கழிகிறது.

எங்கள் பக்கத்தில் ஏரி மீன் குத்தகை ஏலம் விட்டால் ஊர் கூடி நிற்கும். யார் கேட்டார், எவ்வளவுக்குக் கேட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த ஏலத்தில் விலை போகும் மீனுக்கே விலை தெரியாது.

பட்டுத்தறிக் குடும்பத்தில் ஒரு பெண் பாட்டுக் கேட்கக் கைப்பேசியைத் திறக்கிறாள். ‘காஞ்சிப் பட்டு 999 ரூபாய்’ என்று விளம்பரம். கோர்வை போட இரண்டு பேர் உட்கார்ந்து நாள்கணக்கில் நெய்வது என்னவென்று அவளுக்குத் தெரியும். அந்த விலையில் அசல் பட்டு நூல்கூட வாங்க முடியாது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-லேயே புவிசார் குறியீடு கிடைத்தாயிற்று. ஆனால் அந்தப் பெயரைத் திருடியவனின் குரல் நெய்கிறவள் காதிலேயே வந்து விழுகிறது. சிலைடாக இருந்திருந்தால் கொட்டகையே சத்தம் போட்டிருக்கும்.

நல்லதும் வந்திருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018-ல் வயல்வெளியில் சமைத்துக் காட்டத் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, 2021 ஜூலையில் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டது. அப்போது முதல்வர் நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் கொடுத்தார்கள். முழுநீள வீடியோவில் ஓடும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் எடுத்தவருக்குச் சேரும். விளம்பரக் காசு கிராமத்துக்குத் திரும்பி வந்த வழி அது. அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் அதே வழியில்தான் உடனடிக் கடன் செயலிகளும் வருகின்றன. ரிசர்வ் வங்கியின் பணிக்குழு 2021-ல் பார்த்தபோது, இருந்த சுமார் 1,100 கடன் செயலிகளில் ஏறத்தாழ 600 சட்டவிரோதமானவை. பணம் வைத்தாடும் ரம்மி விளம்பரங்கள் பல குடும்பங்களை உலுக்கிய பிறகு 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டு அவற்றுக்குத் தடை விதித்தது. தமிழ்நாடு அதற்கு முன்பே தனிச் சட்டம் இயற்றியிருந்தது. சிலைடோ தொலைக்காட்சியோ காட்டாத அளவுக்கு இவை ஆள் பார்த்து வந்தன. கடன் தேவைப்படுகிறவர் கைக்குக் கடன் விளம்பரம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியின் கைக்கு வேறு ஏதோ. தடுக்க வேண்டியவர் கண்ணில் அது படவே படாது. இந்த ஐந்து நொடியில் எனக்குள்ள பெரிய பயம் இதுதான்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில், பழைய சபை மண்டபச் சுவரில், பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுத்த குடவோலை விதிகள் அவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி ஓலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர்கள் என்று எல்லோரும் பார்க்கும் சுவரில் வெட்டி வைத்தார்கள். ஊர் முன்னால் வந்து நிற்பவர் கணக்குக் காட்டித்தான் நிற்க வேண்டும். விளம்பரத்துக்கும் அந்த விதி பொருந்த வேண்டும் என்கிறேன்.

அதற்குச் சிறு வழி இப்போதே இருக்கிறது. யூடியூப் விளம்பரத்தின் ஓரத்தில் மூன்று புள்ளியோ சிறிய ‘ஐ’ எழுத்தோ இருக்கும். தொட்டால் காசு கொடுத்தவர் பெயரும் நாடும் தெரியும். புகார் செய்யவும் இடமுண்டு. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மா அப்பாவின் கைப்பேசியை வாங்கி, அவர்களுக்கு என்ன விளம்பரம் வருகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அந்தப் புள்ளியைத் தொடக் கற்றுக்கொடுங்கள். இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930. அதையும் அவர்கள் கைப்பேசியில் பதிந்துவிட்டு வாருங்கள்.