தாமரை இலையும் 864 அணுக்களும்

நேற்று மாலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸுக்கு நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. பூக்காரம்மா கூடையை மூடியிருந்த தாமரை இலையில் துளிகள் முத்து முத்தாக உருண்டன. பக்கத்தில் நின்ற பஸ்ஸின் கண்ணாடியிலோ அதே மழை பரவி வழிந்தது.

முப்பது வருடத்துக்கு முந்தைய ஐந்தாம் வகுப்பு நினைவுக்கு வந்தது. "தாமரை இலையில மட்டும் ஏன் சார் தண்ணி ஒட்டல?" என்று ஒரு மாணவி கேட்டாள். "இலை வழவழன்னு இருக்கும்மா" என்றேன். "கண்ணாடியும் வழவழன்னுதானே சார் இருக்கு?" என்றாள். பதில் தெரியவில்லை. "உட்காரு" என்று சொல்லிவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன். 1805இல் தாமஸ் யங் என்ற ஆங்கிலேய மருத்துவர் விளக்கம் தந்திருக்கிறார். துளியின் விளிம்பில் திடப்பொருள், நீர், காற்று மூன்றும் சந்திக்கின்றன. அங்கே நடக்கும் இழுபறிதான் துளி பரவுமா, உருளுமா என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த இழுபறி அணுக்களுக்கு இடையே எப்படி நடக்கிறது என்று பார்க்கக் கம்ப்யூட்டர் வரவேண்டியிருந்தது.

இங்கேதான் நம் நாட்டுக்காரர் ஒருவர் வருகிறார். அனீசுர் ரஹ்மான், 1927இல் ஐதராபாத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் சிகாகோ அருகே ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். அவருக்கு முன்பே ஆல்டர், வெயின்ரைட் இருவரும் கோலிக்குண்டு போல மோதிக்கொள்ளும் துகள்களைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டிருந்தார்கள். ரஹ்மான் 1964இல் நிஜமான திரவத்தையே எடுத்துக்கொண்டார். திரவ ஆர்கான், 864 அணுக்கள். ஒவ்வோர் அணுவையும் மற்றவை எவ்வளவு இழுக்கின்றன, மிக நெருங்கினால் எவ்வளவு தள்ளுகின்றன என்று கணக்கிட வேண்டும். பிறகு நொடியில் நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்கு நகர்த்த வேண்டும். மறுபடி கணக்கு, மறுபடி நகர்த்தல்.

864 அணு எந்த மூலைக்கு? அதற்கும் வழி இருந்தது. பெட்டியின் வலப்பக்கம் வெளியேறும் அணு அதே கணம் இடப்பக்கம் உள்ளே வந்துவிடும். இந்த வாசலில் போன பஸ் அந்த வாசலில் திரும்பி வருகிற மாதிரிதான். இதனால் சிறு பெட்டிக்கு ஓரமே இல்லாமல் போனது. 1971இல் ஸ்டில்லிங்கருடன் சேர்ந்து 216 மூலக்கூறுகளை வைத்துத் தண்ணீரையே ஓட்டிக் காட்டினார்.

பின்னால் வந்தவர்கள் அதே முறையில் அணுக்களால் ஒரு தரை அமைத்து, அதன்மேல் துளியை வைத்தார்கள். தரையின் ஈர்ப்பைக் கூட்டினால் துளி பரவுகிறது. குறைத்தால் உருண்டையாகிறது. தரையில் நுண்ணிய மேடுகள் வைத்தால், அவற்றின் முனையில் துளி ஏறி நிற்கிறது, அடியில் காற்று. தாமரை இலையிலும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத மெழுகு மேடுகள். ஜெர்மனியின் பார்த்லாட்டும் நைன்ஹூயிஸும் 1997இல் அதை விளக்கி எழுதினார்கள்.

ரஹ்மான் 1987இல் மறைந்தார். அமெரிக்க இயற்பியல் சங்கம் அவர் பெயரில் பரிசு தருகிறது. திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமனை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். ரஹ்மானை நானே அறுபது தாண்டித்தான் அறிந்தேன்.

அந்த மாணவிக்கு இப்போது நாற்பது வயதிருக்கும். இதைப் படித்தால்: அம்மா, நீ கேட்டதுதான் சரி. அந்த இலை வழவழப்பே இல்லை, சொரசொரப்பு. உன்னை உட்காரச் சொல்லியிருக்கக் கூடாது.