மேசைமேல் வடக்குப் பாதை: துண்டு துண்டாகச் சேர்ந்த ஒரு கோச்சிப் பாதையின் வரலாறு



பாடசாலைக் கண்காட்சிக்கு எங்கள் பிள்ளைகள் மாதிரிக் கோச்சிப் பாதை ஒன்று அமைக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: "கோச்சியே வராத ஊரில் கோச்சி விளையாட்டு எதற்கு?" கேள்வி நியாயமானது. முல்லைத்தீவு மாவட்டத்தை றெயில் பாதை தொடுவது மாங்குளம் பக்கத்தில் மட்டும்தான். எங்களுக்குக் கிட்டிய ஸ்டேசன் பரந்தன். அதற்கே பஸ் ஏறிப் போக வேண்டும். ஆனால் அந்தப் பாதையின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால், இது வெறும் விளையாட்டு இல்லை என்பது விளங்கும். கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

வடக்குப் பாதை தெற்கிலிருந்து ஒரே மூச்சில் போட்டுக்கொண்டு வந்த பாதை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது இரண்டு முனையிலிருந்தும் போடப்பட்டது. தெற்கே 1894இல் குருநாகல் வரை பாதை வந்திருந்தது. வடக்கே 1902 மார்ச் 11ஆம் திகதி காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் முதல் கோச்சி ஓடியது. அதே வருடம் செப்டெம்பரில் அது பளை வரை நீண்டது. 1904இல் தெற்குப் பாதை அனுராதபுரத்தை அடைந்தது. இடையில் மிஞ்சிக் கிடந்த துண்டில் பெரும்பகுதி எங்கள் வன்னி. காடும் குளமும் காய்ச்சலும் நிறைந்த அந்தத் துண்டு கடைசியாகத்தான் நிரம்பியது. 1905 ஓகஸ்ட் 1ஆம் திகதி கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேராகக் கோச்சி போனது.

1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா டீசல் எஞ்சின்கள் தந்திருந்தது. ஒன்றாரியோ, அல்பேர்ட்டா என்று கனடா மாகாணங்களின் பெயர் அவற்றில் எழுதியிருக்கும். எங்கள் மூத்தவர்கள் "கனடா எஞ்சின்" என்று சொல்வது அவற்றைத்தான். ஆனையிறவில் உப்பளம், பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை, கிளிநொச்சியில் நெல். இவற்றையெல்லாம் தொட்டுக்கொண்டுதான் அந்தப் பாதை போனது.

1985 ஜனவரியில் முறிகண்டிக்கு அருகில் யாழ்தேவி குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. படையினரும் பொதுமக்களும் செத்தார்கள். 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான சேவை முற்றாக நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிக்கும் காப்பரணுக்கும் போயின. இதில் ஒரு தரப்பை மட்டும் சொல்ல முடியாது.

அதே 1990 ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். இந்த மாவட்டத்தின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்களும் அதில் அடக்கம். எங்களைப் போன்றவர்கள் அதற்குப் பிறகு புத்தளத்தில் வளர்ந்த தலைமுறை. வடக்குக் கோச்சி எங்களுக்கு வாப்பாமார் சொன்ன கதை. இங்கே வன்னியில் வளர்ந்த எங்கள் வயதுக்காரருக்கும் அது அப்பாமார் சொன்ன கதைதான். யாருடைய இழப்பு பெரியது என்று பார்க்க இதைச் சொல்லவில்லை. ஒரே பாதை அறுந்ததில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் கோச்சியைக் காணாமல் வளர்ந்தார்கள் என்பதற்காகவே சொல்கிறோம். 2009 தை மாதம் இந்த ஊர் பட்டதை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

பாதை திரும்பி வந்ததும் துண்டு துண்டாகத்தான். ஓமந்தைக்கு வடக்கே இந்திய அரசின் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் வேலையைச் செய்தது. 2011இல் ஓமந்தை. 2013 செப்டெம்பர் 14 கிளிநொச்சி. 2014 மார்ச்சில் பளை. அதே வருடம் ஒக்ரோபர் 13 யாழ்ப்பாணம். 2015 ஜனவரி 2 காங்கேசன்துறை. ஒவ்வொரு துண்டையும் போட்டு, ஓட்டிப் பார்த்து, திறந்த பிறகுதான் அடுத்த துண்டு. இந்த ஒழுங்கைத்தான் நாங்கள் மேசைமேலும் பிள்ளைகளுக்குப் பழக்குகிறோம்.

இனி மாதிரி றெயிலின் கதை. 19ஆம் நூற்றாண்டில் விளையாட்டுக் கோச்சிகள் இருந்தன. ஆனால் ஒருவர் செய்த தண்டவாளத்தில் இன்னொருவர் செய்த கோச்சி ஓடாது. 1891இல் ஜேர்மனியின் மார்க்லின் கம்பனி லைப்சிக் சந்தையில், அளவு நிர்ணயித்த தண்டவாளங்களோடு ஒரு தொகுதியைக் காட்டியது. அதன் பிறகுதான் ஒரு பிள்ளை இந்த வருடம் கொஞ்சம், அடுத்த வருடம் கொஞ்சம் என்று வாங்கிச் சேர்த்துப் பாதையை நீட்ட முடிந்தது.

இன்று உலகில் அதிகம் பாவிக்கப்படுவது எச்.ஓ. அளவு. உண்மையானதை 87ஆல் வகுத்தால் வருவது. எங்களிடம் இருப்பதும் அதுதான். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் தண்டவாளமும் இரண்டு எஞ்சினும் அனுப்பியிருக்கிறார். பிள்ளைகளுக்குக் கொடுத்த முதல் கணக்கு இது: ஓமந்தையிலிருந்து பளை வரை சுமார் 90 கிலோமீற்றர். 87ஆல் வகுத்தால் ஒரு கிலோமீற்றருக்கும் மேல்! எங்கள் மைதானமே போதாது. ஆகவே எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டும். அது வரலாற்றுப் பாடம்.

8 அடிக்கு 4 அடி பலகை இரண்டை நெடுக்காகப் பிளந்தால் 2 அடி அகலத்தில் நான்கு பலகை வரும். மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு என்று பலகைக்கு ஓர் இடம். மொத்தம் 32 அடி. 18 மீற்றர் நீளமான பெட்டி ஒன்று இந்த அளவில் 21 சென்ரிமீற்றர் வரும். எஞ்சினும் ஐந்து பெட்டியும் சேர்ந்தால் ஒன்றேகால் மீற்றர். ஒரு பலகைக்குள் கோச்சி வசதியாக நிற்கும்.

வயரிங் என்று வந்தால், மாதிரிப் பாதையில் இரண்டு தண்டவாளமும் இரண்டு மின்கம்பி. ஒன்று நேர், மற்றது மறை. 12 வோல்ற்று நேரோட்டம் ஒரு தண்டவாளத்தால் வந்து, சில்லு வழியாக மோட்டருக்குப் போய், மற்றத் தண்டவாளத்தால் திரும்புகிறது. முனைகளை மாற்றிக் கொடுத்தால் கோச்சி பின்னுக்கு ஓடும். பாதையை வளைத்துக் கொண்டுவந்து அதே பாதையில் திரும்பச் சேர்த்தால் நேரும் மறையும் முட்டிக் குறுஞ்சுற்று ஆகிவிடும். எங்கள் பாதை நீட்டுப் பாதை என்பதால் அந்தக் கரைச்சல் இல்லை.

கரைச்சல் வேறு இடத்தில் இருக்கிறது. தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் சின்னத் தகட்டை நம்பி மின்னோட்டத்தை நெடுகக் கொண்டுபோக முடியாது. எங்கள் ஈரக் காற்றிலும் புழுதியிலும் அது கறுத்துப்போகும். அதனால் பலகைக்கு அடியில் தடித்த வயர் இரண்டை முழு நீளத்துக்கும் இழுத்து, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மேலிருந்து ஒரு சிறு வயர் இறக்கி ஈயம் வைத்து ஒட்ட வேண்டும். தடித்த வயர் ஏன் என்பதற்கு ஓமின் விதியே விடை. 10 மீற்றர் போய் 10 மீற்றர் திரும்பும் 0.2 சதுர மில்லிமீற்றர் மெல்லிய செப்பு வயரின் தடை கிட்டத்தட்ட 1.7 ஓம். அரை அம்பியர் எடுக்கும் எஞ்சினுக்கு அதில் 0.8 வோல்ற்றுக்கு மேல் வீணாகும். வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் என்றால் வீணாவது 0.1 வோல்ற்றுத்தான். சாதாரண தரப் பரீட்சையில் மனனம் செய்து எழுதும் விதியைப் பிள்ளைகள் இங்கே கோச்சியின் வேகத்தில் காண்கிறார்கள்.

அடுத்தது பாதையைப் பகுதிகளாகப் பிரிப்பது. தண்டவாளத்தில் சிறு இடைவெளி விட்டு, பிளாஸ்ரிக் இணைப்புப் போட்டு, பகுதிக்கு ஓர் ஆளி வைப்போம். ஒரு பகுதியில் ஒரு கோச்சி மட்டும். உண்மையான ஒற்றைப் பாதையின் விதியும் இதுதான். முன்பு ஸ்டேசன் மாஸ்ரர் சாரதியிடம் "ரப்லற்" கொடுத்ததை மூத்தவர்கள் கண்டிருப்பீர்கள். இரண்டு ஸ்டேசனிலும் இருந்த கருவிகள் மின்னால் பூட்டப்பட்டிருக்கும். ஒன்று வெளியே இருந்தால் இன்னொன்றை எடுக்க முடியாது. கையில் ரப்லற் இல்லாத சாரதி அந்தத் துண்டுக்குள் போகக்கூடாது. மனிதரின் ஞாபகத்தை நம்பாமல் உயிர்காத்த ஏற்பாடு அது.

மேசைக்கு அடியில் கிடக்கும் இந்த வயர் வேலையைச் சின்னதாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் 1940களில் மாணவர்கள் ஒரு மாதிரி றெயில் கழகம் தொடங்கினார்கள். சிலருக்கு மேலே வீடும் மரமும் செய்வதில் விருப்பம். சிலர் அடியில் படுத்து, தொலைபேசி இணைப்பகங்களுக்குரிய ரிலேகளைக் கொண்டு கோச்சியை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று மண்டையை உடைத்தார்கள். 1950களின் முடிவில் அங்கே கணினி வந்தபோது அதை முதலில் ஓடிப்போய்ப் பிடித்தவர்கள் இந்த அடிமேசைக்காரர்கள்தான். "ஹக்கர்" என்ற சொல் கணினி உலகத்துக்குள் வந்ததும் அந்தக் கழகத்தின் பேச்சு வழியாகத்தான். எங்களுக்குக் கிட்டவும் உதாரணம் உண்டு. இந்தியாவின் புனே நகரில் ஜோஷி என்பவர் தன் ஆசையால் உருவாக்கிய மாதிரி றெயில் காட்சியகம் 1998இல் திறக்கப்பட்டது. இன்றும் பாடசாலைப் பிள்ளைகள் அதைப் பார்க்கப் போகிறார்கள்.

இனிப் பிழை பிடிக்கும் வேலை. கண்காட்சி அன்று கோச்சி நின்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் வயரை இழுப்பதுதான் வழக்கம். அதை விடுத்து, பிள்ளைகளுக்கு ஓர் ஒழுங்கு சொல்லியிருக்கிறோம். முதலில் பார்: எந்த எஞ்சின் வந்தாலும் ஒரே இடத்தில் நின்றால் பிழை பாதையில். ஒரே எஞ்சின் பல இடத்தில் நின்றால் பிழை அதன் சில்லில். எல்லாம் ஒன்றாக நின்றால் எங்கோ குறுஞ்சுற்று. தண்டவாளத்தில் யாராவது குறடு வைத்துவிட்டுப் போயிருப்பார்கள், அல்லது பாதை பிரியும் இடத்தில் சில்லு முட்டியிருக்கும்.

குறுஞ்சுற்றின் இடம் தெரியாவிட்டால் பாதியாகப் பிரி. 16 பகுதி இருந்தால் எட்டை இணைப்பிலிருந்து எடுத்துவிட்டுப் பார். பிழை மிஞ்சியிருக்கும் பாதியை மறுபடி பாதியாக்கு. நாலே சோதனையில் பிழையுள்ள பகுதி அகப்படும். ஒவ்வொன்றாகத் தேடினால் 15 தடவை பார்க்க வேண்டி வரலாம். பல்மானி இல்லாவிட்டால் மோட்டார்சைக்கிளின் 12 வோல்ற்று பல்பும் இரண்டு வயரும் போதும்.

கண்காட்சிக்குத் தூக்கிக்கொண்டு போகும் பாதையில் மிகப் பலவீனமான இடம் பலகையும் பலகையும் சேரும் இடம். அங்கே தண்டவாள நுனிகளை அசையாமல் பித்தளைத் திருகாணியோடு ஒட்ட வேண்டும். கறுத்த தண்டவாளத்தைச் சர்ஜிக்கல் ஸ்பிரிற் தொட்ட துணியால் துடைக்கலாம். மண்தாள் போடக்கூடாது, கீறலுக்குள் அழுக்கு இன்னும் சேரும். 230 வோல்ற்றுப் பக்கம் மூடிய அடப்ரருக்குள்தான் இருக்கும். பிள்ளைகளின் கை படுவது 12 வோல்ற்றில் மட்டும். பெற்றோர் பயப்பட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி: ஒரு துண்டைப் போட்டதும் எஞ்சினை ஓட்டிப் பார். ஓடினால்தான் அடுத்த துண்டு. முழுவதையும் போட்டுவிட்டு ஆளியைத் தட்டுபவருக்குப் பிழை எங்கே என்று தெரியாது. 1902இலும் 2014இலும் இந்தப் பாதையைப் போட்டவர்கள் செய்ததும் இதுதான்.

இப்போது உங்களிடம் ஓர் உதவி. வயரைப் பற்றிய அறிவு புத்தகத்தில் இருக்கிறது. பழைய பரந்தன் ஸ்டேசன் எப்படி இருந்தது என்பது உங்களிடம்தான் இருக்கிறது. இன்று நிற்கும் கட்டடங்கள் புதியவை, சிலிப்பரும் கொங்கிறீற். இன்று தரம் 10இல் இருக்கும் பிள்ளைகள் யுத்தத்தின் பின் பிறந்தவர்கள். ஊகித்துக் கட்டக்கூடாது என்று அவர்களே சொல்கிறார்கள்.

1990க்கு முன் பரந்தனிலோ ஆனையிறவிலோ மாங்குளத்திலோ கோச்சி ஏறியவர்கள் சொல்லுங்கள்: மேடை எந்தப் பக்கம்? தண்ணீர்த் தாங்கி எங்கே? சுவருக்கு என்ன நிறம்? வாசலில் யார் கடை போட்டிருந்தார்கள்? பழைய மட்டை ரிக்கற்றோ, ஒரு படமோ இருந்தால் காட்டுங்கள். பார்த்துப் படம் எடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மூத்தவர்களிடமும், இன்னும் புத்தளத்தில் இருப்பவர்களிடமும் இதையே கேட்டிருக்கிறோம்.

பின்னேரங்களில் பிள்ளைகள் விஞ்ஞான அறையில் இருப்பார்கள். வந்து, அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். பரந்தன் பலகை இன்னும் வெறும் பலகையாகத்தான் இருக்கிறது.