சுண்ணாம்பு முதல் கணிப்பொறி வரை

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை வட்டாரத்தை முன்னாளைத் தமிழர் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று அழைத்தனர். சுண்ணாம்புச் சூளைகள் அங்கு இருந்தமையால் எழுந்த பெயர் அது. 1819இல் இராஃபிள்சுடன் வந்த நாராயண பிள்ளை தஞ்சோங் பகாரில் செங்கற்சூளை அமைத்துக் கட்டட ஒப்பந்தக்காரராகவும் விளங்கினார். இந்நகரின் கட்டுமானத் தொழிலும் தமிழர் வாழ்வும் அன்றே பிணைந்துவிட்டன எனலாம்.

அதே சிராங்கூன் சாலையில், ஓவன் சாலைச் சந்திப்பில், 1986 மார்ச் 15ஆம் நாள் ஆறு மாடி ஓட்டல் நியூ வோர்ல்டு நொடிப்பொழுதில் இடிந்து வீழ்ந்தது. 33 பேர் மாண்டனர். கட்டடத்தின் சொந்த எடையே கணக்கில் சேர்க்கப்படவில்லை என்பதை விசாரணை வெளிப்படுத்தியது. 1971இல் எழுந்த கட்டடத்தில் அப்பிழை பதினைந்து ஆண்டுகள் மறைந்து கிடந்தது. ஒருவர் கணக்கிட்டதை, அவரைச் சாராத மற்றொரு பொறியாளர் சரிபார்த்தல் வேண்டும் என்னும் நெறி 1989ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்றது.

பலர் கண்ணும் ஒரே வேலையின்மீது படவேண்டும் என்னும் அக்கருத்தின் வளர்ச்சியே 'பிம்' எனப்படும் கட்டடத் தகவல் உருமாதிரி. தூண், உத்தரம், குழாய், மின்கம்பி யாவும் கணிப்பொறியில் ஒரே முப்பரிமாண உருவில் அமைகின்றன. உத்தரத்தைக் குழாய் ஊடுருவுமாயின், முதற்கல் வைக்குமுன்னரே அது புலப்படும். 2015க்குள் தொழில்துறையில் 80 விழுக்காட்டினர் இதனைக் கையாளவேண்டும் எனக் கட்டட, கட்டுமான ஆணையம் 2010இல் இலக்கு வகுத்தது, நிதியுதவியும் அளித்தது. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்குக் கட்டடக்கலை உருமாதிரி 2013இல் கட்டாயமாயிற்று. 2015இல் அவ்வரம்பு 5,000 ஆகக் குறைந்து, பொறியியல் வரைவுகளையும் தழுவியது.

ஆயினும் தடைகள் பல எழுந்தன. சிறு நிறுவனங்களுக்குக் கருவியும் மென்பொருளும் பயிற்சியும் பெருஞ்செலவாயின. தட்டை வரைபடத்தில் கைதேர்ந்தோர் புதுமுறைக்கு எளிதில் மாறவில்லை. இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. பலர் பழைய முறையிலேயே வரைந்து முடித்து, விதியை நிறைவேற்றும்பொருட்டு மட்டும் இறுதியில் உருமாதிரி செய்தனர். ஒப்பந்தக்காரர் கைக்கு வரைபடமே சென்றது. அவர் மீண்டும் தமக்கென ஓர் உருமாதிரி அமைத்தார். ஒரே வேலை இருமுறை நடந்தது.

இதன் காரணம் ஆராயத்தக்கது. வரைவோர் தொடக்கத்திலேயே மிகுதியாக உழைக்கவேண்டும். பயனில் பெரும்பகுதியோ கட்டுவோரையும் உரிமையாளரையும் சேரும். தாம் தந்த உருமாதிரியில் பிழையிருப்பின் பொறுப்பு யாருடையது என்ற அச்சமும் உண்டு. ஆதலின் ஒவ்வொருவரும் தம் வேலையைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். அரசு அமைப்புகளும் வரைவுகளைத் தனித்தனியே ஆராய்ந்து வந்தன. அவை ஒருங்கே ஆராயும் 'கோர்நெட் எக்ஸ்' முறை 2023 டிசம்பரிலேயே தொடங்கிற்று.

கணிப்பொறியை விலை கொடுத்து வாங்கலாம். தம் வேலையைப் பிறர் பார்வைக்கு முன்னதாகவே திறந்து வைக்கும் துணிவு பழக்கத்தால் வருவது. அதற்கேற்ற ஒப்பந்தமும் ஊதியமும் வேண்டும். ஓவன் சாலைச் சந்திப்பில் மாண்ட 33 பேரும் அப்பழக்கத்தின் இன்றியமையாமையை உணர்த்துகின்றனர்.