ஆச்சியின் வேதப்புத்தகம்

தமிழ் படித்தவர்களுக்கு இடையன்குடி என்றதும் நினைவுக்கு வருகிறவர் கால்டுவெல். 1841இல் அந்தத் தேரி மண்ணுக்கு வந்தார். 1856இல் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அவர் கட்டிய கோயில் 1880இல் திறக்கப்பட்டது. 1968இல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தோம். என் மாணவிகள் இந்த ஆண்டுகளைத் தடுமாறாமல் சொல்வார்கள். அதே ஊரில் அவர் மனைவி எலைசா என்ன செய்தார் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

எலைசா, நாகர்கோவிலில் ஊழியம் செய்த மால்ட் தம்பதியின் மகள். தாய் மார்த்தா மால்ட், 1820களில் அங்கிருந்த பெண்கள் விடுதிப் பள்ளியில் எழுத்தோடு ரேந்தை பின்னவும் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே அந்தப் பள்ளிப் பெண்கள் சிலர் ரேந்தைக் கூலியைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். 1844இல் எலைசா கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது தாயின் கைத்தொழிலும் கூட வந்தது. பனங்காட்டுப் பெண்பிள்ளைகளின் கைக்கு நூலும் எழுத்தும் சேர்ந்தே போயின.

என் அம்மாவைப் பெற்ற ஆச்சி அந்த வரிசையில் பின்னால் வந்தவள். இடையன்குடிக்குச் சில மைல் தள்ளிய கிராமம். தாத்தா பனையேறினார், ஆச்சி பதனீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றினாள். பருவம் முடிந்ததும் தலையணையை மடியில் வைத்து, ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டு ரேந்தை பின்னினாள். வெள்ளை நூலில் கரி படக்கூடாது என்பதற்காக அடுப்படியிலிருந்து எழுந்து கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உட்காருவாள்.

அவள் இறந்தபோது அடக்க ஆராதனையில் வாழ்க்கைக் குறிப்பு வாசித்தார்கள். கர்த்தருக்குப் பயந்தவர், ஜெப வீராங்கனை, ஆறு பிள்ளைகளைப் பக்தியில் வளர்த்த தாய், பேரப்பிள்ளைகளுக்கு வேத வசனம் சொல்லிக்கொடுத்த பாட்டி. பிள்ளைகளின் எண்ணிக்கை தவிர எல்லாம் உண்மை. ஆனால் நம் பெண்களைப் பற்றி ‘பக்தி’ என்ற ஒரு சொல்லை எழுதிவிட்டால், அவர்களுடைய உழைப்பு, கூலி, படிப்பு, தந்திரம் எதையும் எழுத வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. அந்தச் சொல்லைத் தூக்கி எறிய நான் கேட்கவில்லை. அதற்குள் என்னென்ன இருந்தன என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

பார்ப்பதற்கு ஆவணம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற ஆச்சி எழுதுவதற்கென்று வைத்திருந்த இடம், அவளுடைய வேதப்புத்தகத்தின் வெற்றுத்தாள்கள். முன்பக்கத் தாளில் பிறப்பும் ஞானஸ்நானமும் பென்சிலில் இருக்கின்றன. குறிப்பில் வாசித்தது ஆறு பிள்ளைகள், தாளில் ஏழு. மூன்றாவது, பதினொரு நாள் இருந்த ஒரு பெண். பெயரும் இட்டிருக்கிறார்கள். அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பின்பக்கத் தாள்களில் ரேந்தைக் கணக்கு. எத்தனை கெஜம், எவ்வளவு கூலி, அதில் தசமபாகம் எவ்வளவு. 1957 வரை அணாவில் ஓடுகிறது. பிறகு நயா பைசா. 1966இலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குக் கூலிக்கு எதிரே ஒரே சொல் வருகிறது: ‘படிப்புக்கு.’ அம்மா ஆசிரியப் பயிற்சியில் இருந்த ஆண்டுகள் அவை. கருப்பட்டி விற்ற பணத்தில்தான் மகளைப் படிக்கவைத்ததாகத் தாத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆச்சி மறுத்ததில்லை.

அந்தப் படிப்பும் எளிதில் கிடைக்கவில்லை. பள்ளி முடித்ததும் அம்மாவைக் கட்டிக்கொடுத்துவிட மாப்பிள்ளை பார்த்தாயிற்று. “ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதேன்” என்றாள் ஆச்சி. மறுவாரம் கேட்டபோதும் அதையே சொன்னாள். மாதங்கள் போயின. மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கணவனை எதிர்த்துப் பேசினால் அடங்காதவள் என்பார்கள். கர்த்தர் இன்னும் பதில் சொல்லவில்லை என்றால் யார் என்ன சொல்ல முடியும்? அவள் நடிக்கவில்லை. உண்மையாகவே முழங்காலில் நின்றாள். ‘முடியாது’ என்று சொல்ல உரிமையில்லாத பெண்ணுக்கு அந்த முழங்கால் நேரம் காத்திருக்கும் உரிமையைக் கொடுத்தது.

ஆனால் இதைக் கொண்டு ஆச்சியைக் கலகக்காரி ஆக்கிவிட முடியாது. ஒருமுறை பக்கத்துத் தெருவிலிருந்து கட்டிக்கொடுத்த பெண் அடிபட்டு, வீங்கிய முகத்தோடு திரும்பி வந்தாள். ஆச்சி அவளுக்குச் சோறு போட்டாள், தலைவாரிவிட்டாள், கூட அழுதாள். பிறகு, “ஜெபம் பண்ணு, கர்த்தர் அவன் மனச மாத்துவார்” என்று அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பினாள். மகளுக்காகக் காலம் வாங்கித் தந்த அதே ஜெபம், இன்னொருத்தி மகளை அடிக்கிற வீட்டில் இருக்கச் சொன்னது. இரண்டையும் செய்தவள் ஒரே பெண். பெண்ணிய வரலாறு எழுதுகிற நாம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டால், வாழ்க்கைக் குறிப்பு எழுதியவர்கள் செய்ததையே வேறு சொற்களில் செய்கிறோம்.

சபையிலும் இப்படித்தான். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவார்கள் பெண்கள். வீடுவீடாகச் சென்று சேர்ப்பவர்களும் பெண்கள். பிடியரிசி பணமானதும் கணக்கு ஆண்கள் கமிட்டிக்குப் போய்விடும். தன் கூலியைப் பைசா விடாமல் எழுதிய ஆச்சியிடம் சபைக் கணக்கை யாரும் காட்டியதில்லை. தென்னிந்தியத் திருச்சபை உருவான ஆண்டு 1947. அதன் முதல் பெண் பேராயராக எக்கோனி புஷ்பலலிதா நந்தியால் திருமண்டலத்தில் பொறுப்பேற்றது 2013இல். ஆச்சி அதைப் பார்க்க இல்லை. பார்த்திருந்தால் முதலில் பயந்திருப்பாள், பிறகு தோத்திரம் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் இறந்தவர்களின் பெட்டிக்குள் அவர்களுடைய வேதப்புத்தகத்தை வைத்து அடக்கம் செய்யும் வழக்கம் உண்டு. ஆச்சியின் புத்தகத்தையும் வைக்கச் சொன்னார்கள். அம்மா கொடுக்கவில்லை, புதிதாக ஒன்று வாங்கிவரச் சொல்லி அதை வைத்தாள். இல்லையென்றால் கூலிக் கணக்கும் பதினொரு நாள் பிள்ளையின் பெயரும் மண்ணுக்குள் போயிருக்கும். எத்தனை ஆச்சிமாரின் கணக்குகள் அப்படிப் போயினவோ. உங்கள் வீட்டில் பழைய வேதப்புத்தகமோ, பஞ்சாங்கமோ, சமையல் குறிப்பு நோட்டோ இருந்தால் அச்சடித்த பக்கங்களைப் பிறகு வாசிக்கலாம். முதலில் வெற்றுத்தாள்களைப் புரட்டுங்கள்.