புயல் பேதம் பார்க்கவில்லை, நிவாரணம் பார்த்தது

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

கரீபியன் கடலின் தீவுகளுக்கு ஆண்டுதோறும் ஜூன் முதல் நவம்பர் வரை புயற்காலம். அங்கிருந்து வரும் செய்திகளில் பெயர்ந்த கூரைகளையும், ஒதுங்க இடமின்றி நிற்கும் குடும்பங்களையும் காண்கிறோம்; இரங்குகிறோம்; துஆ செய்கிறோம். ஆயினும் காற்று ஓய்ந்தபின் உணவும் உறைவிடமும் யாரைச் சென்றடைந்தன என்று கேட்க மறந்துவிடுகிறோம். அத்தீவுகளின் வரலாறு அக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

பகைவருக்குக் கிடைத்த இரக்கம்

1780 அக்டோபரில் வீசிய பெரும்புயலில் பார்படோஸ், மார்ட்டினிக், செயின்ட் யூஸ்டேஷியஸ் முதலிய தீவுகளில் 20,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்டுக்கொண்டிருந்தனர். மார்ட்டினிக்கின் பிரெஞ்சு ஆளுநர் மார்க்கி த புயே, கப்பலுடைந்து தம் கரையில் ஒதுங்கிய ஆங்கில மாலுமிகளைச் சிறைவைக்க மறுத்து, அவர்களுடைய படையிடமே திருப்பி அனுப்பினார். பொதுவான பேரிடரில் தப்பியவர்களைப் பகைவராகக் கருதலாகாது என்பது அவர் நிலைப்பாடு. ஏழைக்கும் அநாதைக்கும் மட்டுமின்றிக் கைதிக்கும் உணவளிப்போரைத் திருக்குர்ஆன் (76:8) சிறப்பித்துப் பேசுவதை அறிந்த நமக்கு இச்செயலின் மேன்மை விளங்கும்.

எனினும், அதே தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த அடிமைகளுக்கு இந்த இரக்கம் எட்டவில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பார்படோஸுக்கு 80,000 பவுனும் ஜமைக்காவுக்கு 40,000 பவுனும் வழங்கியது. அதன் பயன் பெரும்பாலும் சொத்துடைய வெள்ளையரையே சேர்ந்தது. இறந்த அடிமைகளோ முதலாளிகளின் இழப்புக் கணக்கில் கால்நடைகளோடு சேர்த்து எண்ணப்பட்டனர். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கரீபியனுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த அடிமைகளுள் திருக்குர்ஆன் ஓதத் தெரிந்த முஸ்லிம்களும் இருந்தனர் என்பதை நினைக்க நெஞ்சு கனக்கிறது.

ஜமைக்காவைத் தொடர்ந்து பல புயல்கள் தாக்கின. அடிமைகள் தம் உணவுக்கெனப் பயிரிட்ட வாழையும் கிழங்கும் அழிந்தன. வழக்கமாகத் தானியம் வந்த வட அமெரிக்காவோ விடுதலை பெற்றுவிட்டது; அதன் கப்பல்கள் பிரிட்டிஷ் தீவுகளுக்கு வரலாகாது என லண்டன் தடை விதித்தது. 1780 முதல் 1787 வரை பசியாலும் அதைத் தொடர்ந்த நோயாலும் சுமார் 15,000 அடிமைகள் மாண்டதாக அத்தீவின் சட்டமன்றக் குழுவே கணக்கிட்டது. உணவு கடலுக்கு அப்பால் இருந்தது. அது வரும் வழியைச் சட்டம் அடைத்திருந்தது. ஹிஜ்ரி 18-இல் மதீனாவைப் பஞ்சம் சூழ்ந்தபோது, கலீஃபா உமர் (ரலி) சிரியாவிலிருந்து தானியம் வரவழைத்ததும், மக்களின் துயர் நீங்கும்வரை தாம் நெய்யையும் இறைச்சியையும் தவிர்த்ததும் இங்கே நினைவுக்கு வருகின்றன.

உழைத்தால்தான் அரிசி

1899 ஆகஸ்ட் 8 அன்று சான் சிரியாக்கோ புயல் போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியது. 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். காப்பித் தோட்டங்கள் அழிந்தன. அதற்கு முந்தைய ஆண்டுதான் அத்தீவு ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா வசமாகியிருந்தது. இராணுவ ஆளுநர் ஜார்ஜ் டேவிஸ் நிவாரண உணவுக்கு ஏற்பாடு செய்தார். அது பலரின் உயிரைக் காத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் உடல்வலிமையுள்ளோர் உழைக்காமல் உண்ணலாகாது என்ற விதியின்கீழ், உணவு தோட்ட முதலாளிகள் வழியே வழங்கப்பட்டது. தன் குடிசை விழுந்து கிடக்க, முதலாளியின் தோட்டத்தைச் சீராக்கினால்தான் தொழிலாளிக்கு அரிசி! அடுத்த ஈராண்டுகளில் சுமார் 5,000 பேர் பிழைப்புத் தேடி ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறினர்.

அண்டை வீடே புகலிடம்

1963 அக்டோபரில் ஃபுளோரா புயல் கிழக்குக் கியூபாவின்மேல் நாட்கணக்கில் சுழன்று 1,000-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அந்தப் பாடத்தைக் கற்ற அந்நாடு, தெருவுக்குத் தெரு மக்களைப் பழக்கும் குடிமைப் பாதுகாப்பு முறையை வளர்த்தெடுத்தது. 2004-இல் ஐவன் புயல் நெருங்கியபோது 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே இடம்பெயர்ந்தனர். கியூபாவில் ஓர் உயிரும் போகவில்லை. அவர்களுள் பெரும்பாலோர் தங்கியது உறவினர், அண்டைவீட்டார் இல்லங்களில். அந்த அரசின் கொள்கைகளில் நமக்கு உடன்பாடில்லாதவை பல இருக்கலாம். ஆயினும் கதவைத் திறந்துவைத்த அந்த அண்டைவீட்டாரிடம் நாம் கற்க வேண்டியது உண்டு.

உணவு குறைந்தபோதெல்லாம் தம்மிடமுள்ளதை ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பங்கிட்டுக்கொண்ட அஷ்அரீ குலத்தாரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம்மைச் சார்ந்தவர்கள் என்று பாராட்டியதைப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. அங்கே அளந்த பாத்திரம் எல்லோருக்கும் ஒன்றே.

நம் ஜமாஅத்தில் நிவாரணப் பட்டியல் எழுதும் நாளில், அதில் யார் பெயர் விடுபட்டது என்று ஒருமுறை பார்ப்போம். வாடகைக்குக் குடியிருப்பவரா, வெளியூரிலிருந்து வந்த தொழிலாளியா, பிற சமயத்தவரா? நம் கையிலுள்ள நிவாரணம் அமானிதம். அதைப் பற்றி மறுமையில் கேட்கப்படுவோம். நீதியாய்ப் பங்கிடும் உள்ளத்தை வல்ல ரஹ்மான் நமக்கு அருள்வானாக. ஆமீன்.