கணினி விஞ்ஞானமும் கணினிப் பொறியியலும் : ஒரு வரலாற்று நோக்கு

அறிவுத்துறைகளுட் சில, பொருளின் இயல்பு பற்றிப் பிரிந்தவை. வேறு சில, காலத்தின் தேவையாலும் கலாநிலையங்களின் ஏற்பாட்டாலும் பிரிக்கப்பட்டவை. கணினி விஞ்ஞானமும் கணினிப் பொறியியலும் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சார்ந்தன. இவற்றுள் எதனைப் பயில்வது என்னும் வினா உயர்தர வகுப்பு மாணவர் பலரை மயங்க வைக்கின்றது. பெயர்களை மட்டும் நோக்கின் அம்மயக்கம் தீராது. அவை பிறந்த வரலாற்றை நோக்கின் தெளிவு பிறக்கும்.

1936ஆம் ஆண்டில் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்து அலன் ரூறிங், கணிதக் கூற்று எதுவாயினும் அதனை நிறுவ முடியுமா முடியாதா எனத் தீர்மானிக்கும் பொதுமுறையொன்று உண்டா என ஆராய்ந்தார். அத்தகைய முறை இல்லையென நிறுவும்பொருட்டு அவர் கற்பனையில் ஓர் இயந்திரத்தைப் படைத்தார். அதிற் கம்பியுமில்லை, சக்கரமுமில்லை. அடுத்த ஆண்டில் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவர் குளோட் ஷனன், தொலைபேசி நிலையங்களில் வழங்கிய மின்னாளிச் சுற்றுக்களை, ஜோர்ஜ் பூல் என்பார் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த தருக்க அட்சரகணிதத்தால் ஆராயலாமெனத் தம் முதுமாணி ஆய்வேட்டிற் காட்டினார். முன்னவர் கணிதத்தினின்று இயந்திரத்தை நாடினார். பின்னவர் இயந்திரத்தினின்று கணிதத்தை நாடினார். இரு துறைகளின் வேர்களும் இவ்விடத்தே பின்னிக் கிடத்தல் காண்க.

இரண்டாம் உலகப் போரின்போது, பீரங்கி எறிவு அட்டவணைகளைக் கணிக்கும்பொருட்டுப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் மின்பொறியியற் கல்லூரியில் எனியாக் எனும் கணினி அமைக்கத் தொடங்கப்பெற்றது. பௌதிகவியலாளரான ஜோன் மோச்லியும் பொறியியலாளரான பிறெஸ்பர் எக்கேட்டும் அதன் தலைமைச் சிற்பிகளாவர். 1946 பெப்ரவரியில் உலகறியக் காட்டப்பெற்ற அதில் சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. ஆயினும் கணக்கு மாறுந்தோறும் வடங்களைக் கழற்றி மாட்டி, ஆளிகளைத் திருப்பி அமைத்தல் வேண்டும்; இதற்கு நாட்கள் சென்றன. அப்பணியைச் செய்தோர் கணிதத் தேர்ச்சி பெற்ற ஆறு பெண்மணிகள். அவர்களது பங்கு நெடுங்காலம் பேசப்படாதிருந்தது.

கட்டளைகளையும் எண்களாக்கி இயந்திரத்தின் நினைவகத்திலேயே வைக்கலாம் என்னுங் கருத்து அக்குழுவினரிடையே வளர்ந்தது. 1945 யூனில் ஜோன் வொன் நியூமன் பெயரால் வெளிவந்த அறிக்கை அதனைப் பரப்பியது. 1948இல் மன்செஸ்ரரிலும் 1949இற் கேம்பிறிட்ஜிலும் அக்கருத்துச் செயலுருப் பெற்றது. இயந்திரம் நிலைத்து நிற்க, கட்டளை மாத்திரம் மாறலாயிற்று. எனவே, இயந்திரத்தை ஆக்குவோர் ஒருசாரார், அதற்குச் செய்நிரல் எழுதுவோர் மற்றொருசாரார் எனப் பிரிதற்கு வழி பிறந்தது. துறைப்பிரிவின் வித்து இதுவே எனலாம்.

கணினி விஞ்ஞானம் தனித்துறையாதல் எளிதில் நிகழவில்லை. 1959இல் லூயி பைன் என்பார் இத்துறைக்கெனப் பல்கலைக்கழகங்களில் தனிக் கல்விப்பீடம் வேண்டுமென எழுதினார். 1962இற் பேடியூப் பல்கலைக்கழகத்திலும் 1965இல் ஸ்ரான்போர்ட்டிலும் கணினி விஞ்ஞானத் துறைகள் தோன்றின. கணினி ஒரு கருவியேயன்றி இயற்கைப் பொருளன்று. கருவிக்கென ஒரு விஞ்ஞானம் உண்டோ எனச் சிலர் வினவினர். 1967இல் நியூவெல், பேர்லிஸ், சைமன் ஆகிய மூவரும் 'சயன்ஸ்' சஞ்சிகையில் இதற்கு விடையிறுத்தனர். மின்சாரம் பௌதிகவியலுக்கும் மின்பொறியியலுக்கும் உரியதாதல்போலக் கணினியும் விஞ்ஞானம், பொறியியல் ஆகிய இரண்டிற்கும் உரியது என்பது அவர்தம் விடைகளுள் ஒன்று.

மின்பொறியியற் பகுதியினரும் வாளாவிருந்திலர். 1967இலேயே அமெரிக்கப் பொறியியற் கல்விக் குழுவொன்று, மின்பொறியியல் மாணவர்க்குக் கணினிக் கல்வி இன்றியமையாததென அறிக்கை விடுத்தது. 1971இற் சுமார் 2,300 திரான்சிற்றர்களைக் கொண்ட நுண்செயலி விற்பனைக்கு வந்தபின், சுற்று அமைப்போரும் செய்நிரல் கற்றேயாகவேண்டிய நிலை உண்டாயிற்று. 1975இல் மசாசூசெற்ஸ் கழகம் தன் மின்பொறியியற் றுறையின் பெயரோடு கணினி விஞ்ஞானத்தையும் இணைத்தது. வேறு சில பல்கலைக்கழகங்கள் கணினிப் பொறியியலைத் தனிப் பட்டநெறியாக்கின. அமெரிக்க அறிஞர் சங்கங்கள் கணினி விஞ்ஞானத்திற்கு 1968இற் பாடத்திட்டம் வகுத்திருந்தும், கணினிப் பொறியியலுக்கெனத் தனி நூல் வெளியிட்டது 2004இலேயாகும். ஒரே காலத்து வேரூன்றிய இரண்டனுள் ஒன்று பெயர்பெறப் பிந்தியமை கருதத்தக்கது.

எல்லைக்கோடு எத்துணை மெல்லியது என்பதற்கு 1994ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்றாகும். கணிதப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி இரட்டை முதன்மை எண்களின் நிகர்மாறுகளைக் கூட்டிவருகையிற் பென்ரியம் சில்லின் வகுத்தற் கணிப்பிற் பிழை கண்டார். அச்சில்லில் அமைந்த அட்டவணையொன்றில் ஐந்து பெறுமானங்கள் விடுபட்டிருந்தன. இன்ரெல் நிறுவனத்துக்கு 475 மில்லியன் டொலர் செலவாயிற்று. பிழை இருந்தது சில்லில். அதனை வெளிப்படுத்தியது எண்கணிதம். சுற்றுக்களின் திருத்தத்தைத் தருக்கமுறையால் நிறுவும் முயற்சி இதன்பின் ஊக்கம் பெற்றது.

ஆகவே, இவற்றுள் உயர்வு தாழ்வு காண்பது பொருந்தாது. எதனைக் கணிக்கலாம், எத்துணைப் படிகளிற் கணிக்கலாம் என்னும் வினாக்கள் எவனது உள்ளத்தை ஈர்க்கின்றனவோ, அவனுக்குக் கணினி விஞ்ஞானம் ஏற்றது. அக்கணிப்பு வெப்பம், மின்வலு, காலதாமதம் ஆகிய பௌதிகத் தளைகளுக்குட்பட்டு எவ்வாறு நிகழும் என வினவுவோனுக்குப் பொறியியல் ஏற்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முன்னது விஞ்ஞான பீடத்திலும் பின்னது கிளிநொச்சியிலுள்ள பொறியியற் பீடத்திலும் பயிற்றப்படுகின்றன. மொறட்டுவையில் இரு பெயர்களும் ஒரே துறையின்கண் இணைந்துள்ளன. பெயர்ப்பலகை ஈரிடத்தும் ஒரே பொருள் தருவதில்லையாதலின், மாணவன் பாடத்திட்டத்தை எடுத்து வரிவரியாக வாசித்தல் வேண்டும். பிறர் சொற்கேட்டுத் துறையைத் தெரிவோன் நான்காண்டுகளைப் பிறர்க்கு ஈந்தவனாவான். எத்துறையைத் தெரியினும், மற்றதன் அடிப்படைகளை அறியாதொழிவானாயின் தன் துறையையும் முற்ற அறியான் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.